அம்மாவின் மாவடு, என் மார்ட்டினி

வானொலியில் இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீடு திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். நான்கு மணி நேரம் ஒலிவாங்கிக்கு முன்னால் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு வருபவளுக்கு வீட்டில் யாரிடமும் பேசத் தோன்றாது. சமையலறை விளக்கைப் போடாமலேயே, அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கும் ஜின் போத்தலை எடுப்பேன். எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, பனிக்கட்டி போட்டுக் கலக்குவேன். பார்ப்பவர்களுக்கு அது எலுமிச்சை ஜூஸ்.

பார்ப்பவர்கள் என்று நான் சொல்வது அம்மாவை.

என் கணவர் சனிக்கிழமை காற்பந்து பார்த்துக்கொண்டே ஒரு கேன் பியர் குடிப்பார். அம்மா அதைக் கண்டும் காணாமல் இருந்துவிடுவார். “மாப்பிள்ளை வாரமெல்லாம் உழைக்கிறார், பாவம்.” நானும்தான் உழைக்கிறேன். ஆனால் மகள் குடிப்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கோடு வாதாடும் தெம்பு இல்லாததால்தான் அரிசி வாளியும் டம்ளரும்.

போன ஆண்டு ஓர் இரவு, டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுக்க அறைக்குள் போனேன். திரும்பி வந்தபோது டம்ளர் அம்மாவின் கையில் இருந்தது. அவர் குடிக்கவில்லை, முகர்ந்துதான் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை, காப்பி ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறே?”

“தினமும் இல்லம்மா. எப்பவாச்சும் கொஞ்சந்தான்.”

“கொஞ்சம்னா எவ்வளவு? உன் மாமாவும் கொஞ்சம்னுதான் சொன்னான்.”

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நன்றாகப் பாடுவார், என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேக்காவுக்குப் போவார். கல்லீரல் கெட்டு இறந்தபோது அவருக்கு வயது 46, எனக்கு 11. கட்டிலுக்கு அடியில், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள், பால்மாவு டின்னுக்குள் என்று அவர் ஒளித்து வைத்த போத்தல்களைத் தேடித் தேடி எடுத்துக் கொட்டியவர் அம்மா. ஒளித்து வைக்கும் இடங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. என் அரிசி வாளியையும் அவர் முன்பே கண்டுபிடித்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எவ்வளவு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

90 மில்லிலிட்டர்

அன்றிரவு ஒரு சோதனை செய்தேன். வழக்கமாக ஜின் ஊற்றும் அளவுக்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதைக் கேக் செய்யும் அளவுக் கோப்பையில் மாற்றினேன். 90 மில்லிலிட்டர்.

சிங்கப்பூரில் ஒரு ‘நிலையான மது அளவு’ என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். நாளொன்றுக்குப் பெண்கள் ஓர் அளவுக்கு மேலும் ஆண்கள் இரண்டு அளவுக்கு மேலும் குடிக்கக்கூடாது என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆலோசனை. இனி கணக்கு. ஜின்னில் 40 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 90 மில்லியில் 36 மில்லி தூய ஆல்கஹால். ஒரு மில்லி ஏறக்குறைய 0.79 கிராம் எடை. ஆகமொத்தம் 28 கிராம். நான் ‘கொஞ்சம்’ என்று சொன்னது பெண்ணுக்குச் சொல்லப்பட்ட வரம்பைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

எலுமிச்சையும் சர்க்கரையும் அதை என் நாக்குக்கே தெரியாமல் மறைத்திருந்தன. அம்மாவிடமிருந்து மறைப்பதாக நினைத்து, என்னிடமிருந்தே மறைத்திருக்கிறேன்.

ஜூஸ் போல ஒரு மது

இந்த வித்தைக்கு நம் ஊரில் நூறாண்டுக்கு மேலான வரலாறு உண்டு. ராஃபிள்ஸ் ஹோட்டலின் ‘லாங் பார்’ மதுக்கூடத்தில் பணியாற்றிய ஞியாம் டோங் பூன், 1915இல் ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்ற பானத்தை உருவாக்கியதாக அந்த ஹோட்டல் சொல்கிறது. ஜின்னோடு செர்ரி மதுவும் அன்னாசிச் சாறும் எலுமிச்சையும் சேர்ந்த இளஞ்சிவப்புப் பானம். அந்தக் காலத்தில் பெண்கள் பொது இடத்தில் மது அருந்துவது அழகில்லை என்று கருதப்பட்டதால், பார்ப்பதற்குப் பழச்சாறு போலவே இருக்கும்படி அவர் அதைச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

அந்தக் கதையை நிகழ்ச்சியில் நானே இரண்டு முறை சுவையாகச் சொல்லியிருக்கிறேன். என் எவர்சில்வர் டம்ளர் அதன் தேக்கா பதிப்பு என்று அப்போது தோன்றவில்லை.

ஒளிக்க இடமில்லாத பானம் ஒன்று இருக்கிறது. அதுதான் மார்ட்டினி. ஜின், டிரை வெர்மூத் இரண்டு மட்டும். சாறு இல்லை, சர்க்கரை இல்லை, சோடா இல்லை. பனிக்கட்டியோடு கலக்கி வடித்து, ஓர் ஆலிவ் காயோ எலுமிச்சைத் தோலோ போட்டால் முடிந்தது. முதல் வாயிலேயே என்ன குடிக்கிறோம் என்பது தெரிந்துவிடும். ஆலிவுக்குப் பதில் சின்ன ஊறுகாய் வெங்காயம் போட்டால் அதற்குக் ‘கிப்சன்’ என்று பெயர். ஆலிவ் ஊறிய உப்புநீரைச் சேர்த்தால் ‘டர்ட்டி மார்ட்டினி’. ஜேம்ஸ் பாண்டின் முதல் நாவல் வெளிவந்தது 1953இல். அதில் ஜின்னோடு வோட்காவும் சேர்த்து அவர் கேட்பது ‘வெஸ்பர்’. வகைகள் பல, ஆனால் எலும்புக்கூடு ஒன்றே.

வெர்மூத் என்பது மூலிகைகள் ஊறிய, சற்றே வீரியம் கூட்டிய திராட்சை மது. ஜின் என்பது ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் காயை முதன்மையாக வைத்து மணமூட்டப்பட்ட சாராயம். ஜூனிப்பர் நமக்குப் புதிது. மற்றவை அப்படியில்லை. பெரும்பாலான ஜின்களில் ஜூனிப்பருக்கு அடுத்த இடம் கொத்தமல்லி விதைக்கு. பம்பாய் சஃபையர் ஜின்னில் சேரும் 10 பொருள்களில் கொத்தமல்லி, அதிமதுரம், வால்மிளகு, பாதாம், பட்டை வகை ஒன்று, எலுமிச்சைத் தோல் ஆகியவை உண்டு. பாதியைச் சிராங்கூன் சாலை நாட்டுமருந்துக் கடையில் காகிதப் பொட்டலத்தில் வாங்கிவிடலாம். சிங்கப்பூரிலேயே 2018இல் தொடங்கிய ‘பிராஸ் லயன்’ வடிப்பாலை தன் ஜின்னில் ரோஜாக்கில் சேரும் இஞ்சிப்பூவையும் எலுமிச்சைப் புல்லையும் சேர்க்கிறது.

ஜின் மணத்தில் நமக்கு ஏதோ தெரிந்த வாடை வருவதற்குக் காரணம் இதுதான். அதில் நம் ரசப்பொடியின் பங்காளிகள் இருக்கிறார்கள்.

அளக்கும் கை

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து டௌன்டவுன் பாதையில் இரண்டாவது நிறுத்தம் பூகிஸ். அங்கே பார்க்வியூ ஸ்குவேர் கட்டடத்தின் தரைத்தளத்தில் ‘அட்லஸ்’ மதுக்கூடம் இருக்கிறது. கூரையை எட்டும் கோபுர அலமாரியில் ஜின் போத்தல்களாக அடுக்கியிருப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள். தோழியின் பிறந்தநாளுக்கு அங்கே போனோம். அவர்களது மார்ட்டினியில் ஆரஞ்சுக் கசப்புச் சாறோடு ஷாம்பெய்ன் வினிகரும் சில சொட்டு சேரும். மார்ட்டினியில் புளிப்பு எடுபடும் என்பது எனக்குப் புதிய செய்தி.

அதைவிட என் கண்ணில் பட்டது வேறு. தினமும் நூற்றுக்கணக்கில் கலக்கும் கை அது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாலும் சரியாக வரும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன அளவுக் கிண்ணத்தை எடுத்து, விளிம்புவரை நிரப்பி, பிறகே கலக்கும் பாத்திரத்தில் கவிழ்க்கிறது. தொழில் தெரிந்தவர் அளக்கிறார். தெரியாத நான் கண்ணளவில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஓர் அளவுக் கிண்ணம் வாங்கினேன். அரிசி வாளிக்குப் பின்னாலிருந்த போத்தலை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி வரவேற்பறை அலமாரியில் வைத்தேன்.

“சாமி மாடத்துக்கு நேரா வைக்காதே” என்றார் அம்மா. அவ்வளவுதான். போத்தல் ஃபிரிட்ஜுக்கு மேலே போயிற்று. அது வெளியில் இருப்பதைப் பற்றி அவர் வேறெதுவும் சொல்லவில்லை.

அம்மாவின் பயம்

அம்மாவின் பயம் மாமாவோடு தொடங்கியதில்லை. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை, கூலி நாளன்று வாசலில் காத்திருந்தது. தோட்டத் தொழிலாளர்கள் சம்பாதித்ததை அது விழுங்குவதைப் பொறுக்காமல், 1947இல் கெடா மாநிலம் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். குடியை எதிர்ப்பது நம் சமூகத்தில் வெறும் கட்டுப்பெட்டித்தனமாக இருந்ததில்லை. அது பிழைப்பதற்கான போராட்டமாகவும் இருந்தது.

பிறகு 2013 டிசம்பர் 8. லிட்டில் இந்தியாக் கலவரம். அதை விசாரித்த குழு, மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடங்களில் குடிக்க முடியாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். அந்த வாரங்களில் அம்மா தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து, “எல்லாரும் நம்மளத்தான் பார்ப்பாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

இத்தனையும் சேர்ந்ததுதான் காப்பி ஆற்றிக்கொண்டே கேட்ட அந்த ஒற்றைக் கேள்வி. எந்த அளவு மதுவும் உடலுக்கு முற்றிலும் பாதுகாப்பானதல்ல என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது. அம்மா சொல்வதில் பிழையில்லை. ஆகவே அவரை எதிர்த்து வாதாடுவதை விட்டுவிட்டேன். அளந்த பதில் ஒன்றைச் செய்து காட்ட நினைத்தேன்.

மாவடு மார்ட்டினி

மேற்கத்தியர் ஆலிவ் ஊறிய உப்புநீரை மார்ட்டினியில் சேர்க்கலாம் என்றால், நம் வீட்டு ஜாடியில் மாவடு ஊறிய தண்ணீர் இருக்கிறதே! உப்பும் உண்டு, புளிப்பும் உண்டு.

முதல் முயற்சி படுதோல்வி. ஜாடியிலிருந்து ஒரு கரண்டி அப்படியே எடுத்து ஊற்றினேன். மாவடுவில் விளக்கெண்ணெய் சேர்ப்போம் என்பதை மறந்துவிட்டேன். கிளாஸின் மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. கடுகுப்பொடி அடியில் சேறுபோல் படிந்தது. மிளகாய் தொண்டையில் நின்றது. கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “தயிர்சாதம் இருக்கா?” என்று கேட்டார்.

பல வாரங்கள் திருத்தித் திருத்தி வந்த முறை இது. ஒருவருக்கான அளவு:

ஜின் (40 விழுக்காடு) – 25 மில்லி
டிரை வெர்மூத் – 10 மில்லி
மாவடுத் தண்ணீர் – 5 மில்லி (ஒரு தேக்கரண்டி)
சிறிய மாவடு – 1

மாவடுத் தண்ணீரை முதல் நாளே ஒரு கிண்ணத்தில் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எண்ணெய் மேலே ஒதுங்கும். அதை வழித்தெடுத்துவிட்டு, மீதியைக் காப்பி வடிதாளிலோ இரட்டையாக மடித்த மல் துணியிலோ பொறுமையாக வடியுங்கள். கரண்டியால் அழுத்தினால் கலங்கிவிடும்.

கிளாஸை அரை மணி நேரம் உறைபெட்டியில் வையுங்கள். சின்னக் கிளாஸாக இருக்கட்டும். மொத்தமே 50 மில்லிதான் வரும். அகலமான மார்ட்டினிக் கிளாஸில் ஊற்றினால் பாதிகூட நிறையாது, கை தானாக இன்னும் கொஞ்சம் ஊற்றப் போகும்.

ஒரு கண்ணாடிக் குவளை நிறையப் பனிக்கட்டி போடுங்கள். உறைபெட்டியிலிருந்து அப்போதே எடுத்ததாக இருக்கவேண்டும். ஏற்கெனவே உருகத் தொடங்கியதைப் போட்டால் பானம் தண்ணீராகிவிடும். ஜின், வெர்மூத், மாவடுத் தண்ணீர் மூன்றையும் அளந்து ஊற்றி, நீளக் கரண்டியால் 30 வினாடி சுழற்றுங்கள். குலுக்கினால் காற்றும் பனித்துகளும் சேர்ந்து பானம் மங்கிவிடும். சுழற்றும்போது பனிக்கட்டி உருகிச் சேரும் தண்ணீரும் பானத்தின் ஒரு பகுதிதான், அதுதான் ஜின்னின் காட்டத்தைத் தணிக்கிறது. வடித்து ஊற்றி, மாவடுவைக் கழுவிப் போடுங்கள்.

முதலில் ஜூனிப்பரின் காட்டு மணம், நடுவே வெர்மூத்தின் மெல்லிய கசப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் பச்சை மாங்காயின் புளிப்பு. பிறகு மாவடுவைக் கடித்துச் சாப்பிடலாம்.

வெர்மூத் பற்றி ஓர் எச்சரிக்கை. அது திராட்சை மது என்பதால் திறந்தபின் நம் ஊர் வெப்பத்தில் அலமாரியில் வைத்தால் விரைவில் கெட்டுவிடும். ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு மாதத்தில் முடித்துவிடுங்கள். வீட்டில் செய்யும் மார்ட்டினி நன்றாக இல்லை என்பவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை ஜின்னில் இல்லை, பழைய வெர்மூத்தில்தான்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருவோம். 25 மில்லி ஜின்னில் 8 கிராம் ஆல்கஹால். 10 மில்லி வெர்மூத்தில் ஒன்றரைக்கும் குறைவு. மொத்தம் 10 கிராமுக்குள், அதாவது ஓர் அளவு. வழக்கமாக 60 மில்லி ஜின் ஊற்றிச் செய்யும் மார்ட்டினி ஒரே கிளாஸில் இரண்டு அளவைத் தாண்டிவிடும். பணக்கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் இத்தகைய மதுவுக்குத் தீர்வை, ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 700 மில்லி போத்தலில் வரியே ஏறத்தாழ 25 வெள்ளி. முன்பு என் கண்ணளவில் ஒரு போத்தல் எட்டு டம்ளரைத் தாண்டாது. இப்போது 28 கிளாஸ் வருகிறது.

வண்டி ஓட்டுபவர்கள், மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், குடித்தால் நிறுத்தத் தெரியாதவர்கள் ஆகியோருக்கு இந்த ஓர் அளவும் வேண்டாம். அவர்களுக்கும், குடிக்காத நண்பர்களுக்கும் எங்கள் வீட்டில் அதே குளிர்ந்த கிளாஸில் வேறொன்று: இரண்டு தேக்கரண்டி மாவடுத் தண்ணீர், அரைத் தேக்கரண்டி இஞ்சிச் சாறு, மீதிக்குச் சோடா. போன தீபாவளிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இதைத்தான் இரண்டாவது முறையும் கேட்டார்கள்.

மிளகாய்க்கு முன்

இரவு நிகழ்ச்சி முடிந்து வந்தால் இப்போது சமையலறை விளக்கைப் போடுகிறேன். பெரும்பாலான நாள்களில் மோர்தான். வாரத்தில் ஒருநாள், சில வாரம் அதுவும் இல்லை, அளவுக் கிண்ணம் வெளியே வரும். முதல் சில முறை அம்மா அறை வாசலில் நின்று பார்த்தார். பிறகு ஒருநாள் மேசையருகே வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தைக் கையில் வாங்கி, உள்ளே பொறித்திருந்த கோட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“இது இருந்திருந்தா அவனும் அளந்திருப்பானா?” என்று கேட்டார்.

“தெரியலைம்மா” என்றேன். உண்மையில் மாமா அளந்திருக்கமாட்டார். அவருக்கு இருந்தது நோய். அதற்குக் கிண்ணம் போதாது, மருத்துவர் வேண்டும். அவரை அழைத்துப்போக வேண்டிய நாள்களில் வீட்டில் எல்லாரும் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தார்கள், அவர் ஒளித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் அது தெரியும். அதன்பின் சற்று நேரம் மாமா பாடும் பாட்டுகளைப் பற்றிப் பேசினோம். அவரைப் பற்றி அம்மா சிரித்துக்கொண்டே பேசி நான் கேட்டது அன்றுதான்.

இந்த ஆண்டு மாவடு பருவம் வந்தது. தேக்கா சந்தையிலிருந்து அம்மா இரண்டு கிலோ வாங்கி வந்தார். கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் புரட்டி, கல்லுப்புப் போட்டு ஜாடியில் வைத்தார். தினமும் ஒருமுறை குலுக்கிவிட்டார். நான்கு நாளில் மாவடு சுருங்கித் தண்ணீர் விட்டது. ஐந்தாம் நாள் அந்தத் தண்ணீரில்தான் மிளகாய்ப்பொடியும் கடுகுப்பொடியும் கரைத்துச் சேர்ப்பார்.

அன்று வேலை முடிந்து வந்தபோது, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சின்னப் போத்தல் இருந்தது. பழைய தேன் போத்தல். உள்ளே இளம் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், எண்ணெய் வழித்து, துணியில் வடித்த தெளிந்த தண்ணீர்.

மறுநாள் காலை காப்பி ஆற்றிக்கொண்டே அம்மா சொன்னார்: “மிளகாய் போடறதுக்கு முன்னாடி எடுத்து வச்சேன். ஒரு வருசத்துக்கு அவ்வளவுதான். தீர்ந்தா கேட்காதே.”

போத்தலை அளந்து பார்த்தேன். 200 மில்லி. கிளாஸுக்கு 5 மில்லி வீதம் 40 கிளாஸ். ஆண்டுக்கு 52 வாரம்.

அம்மா கணக்கில் எப்போதுமே கெட்டிக்காரர்.